நாலாயிரம் ரூபாயின் மதிப்பு: இந்திய – இலங்கை நாணய மாற்று விகிதமும் மலையகத் தமிழரும்

1964 அக்டோபர் 30ஆம் நாள் புதுதில்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம் மலையகத் தமிழர் பற்றிய ஆய்வுகளில் பெரிதும் பேசப்பட்டுள்ளது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்னும் பங்கீடே அவ்வாய்வுகளின் மையமாக அமைந்துள்ளது. அவ்வொப்பந்தத்தில் பணம் பற்றிய பிரிவு ஒன்றும் உண்டு. தாயகம் திரும்புவோர் தம் சேமலாப நிதி, பணிக்கொடை உள்ளிட்ட உடைமைகளைக் கொண்டுசெல்லலாம் என்றும், ஒரு குடும்பத்திற்கு அனுமதிக்கப்படும் உச்சவரம்பு ரூ. 4,000க்குக் கீழ் குறைக்கப்படாது என்றும் அது கூறுகிறது. மாற்று விகிதம் பற்றி அதில் யாதொரு குறிப்பும் இல்லை. அன்றைக்கு அத்தகைய குறிப்புக்குத் தேவை எழவில்லை என்பதே உண்மை. இந்நிலைக்கான வரலாற்றுக் காரணத்தையும், அது மாறியதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் அரசுக் கணக்குகள் ஆங்கிலப் பவுனிலேயே எழுதப்பட்டன. ஆயினும் காப்பித் தோட்டங்களில் புழங்கியது இந்திய வெள்ளி ரூபாயே. தமிழகச் சிற்றூர்களிலிருந்து சென்ற தொழிலாளர் ஊரில் செல்லுபடியாகும் காசையே கூலியாக விரும்பினர். ஷில்லிங் நாணயத்தை ஊருக்குக் கொண்டுவந்தால் அதனை மாற்ற வட்டம் கொடுக்க வேண்டும். எனவே தென்னிந்தியாவிலிருந்து அரிசியும் வெள்ளி ரூபாயும் இலங்கைக்குச் சென்றன. அவ்வணிகத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் முதன்மை பெற்றிருந்தனர். 1869இல் இந்திய ரூபாய் அங்குச் சட்டமுறை நாணயமாக ஏற்கப்பட்டது. 1872 முதல் அதுவே நாட்டின் நாணயமாயிற்று. அரசாணை இதனை நிறுவியது எனினும், அதற்கு முன்பே தோட்டத்துக் கூலி இதனைத் தீர்மானித்துவிட்டது எனலாம். இந்தியா 1957 வரை அணாவில் கணக்கிட, இலங்கை 1872லேயே ரூபாயை நூறாகப் பகுத்துக்கொண்டது. ஈழத்தமிழில் வழங்கும் ‘சதம்’ என்னும் காசுப்பெயர் இப்பகுப்பைச் சுட்டுவதாகும்.

இவ்வொற்றுமையால் தொழிலாளருக்கு நன்மை மட்டுமே விளைந்தது என்று கொள்வதற்கில்லை. வெள்ளியின் விலை வீழ்ந்தமையால், 1872இல் 2 ஷில்லிங்கிற்குச் சற்றே குறைவாக இருந்த ரூபாயின் மதிப்பு 1894–95இல் ஏறத்தாழ 1 ஷில்லிங் 1 பென்சாகக் குறைந்தது. தோட்ட முதலாளிகள் இலண்டனில் பவுனுக்கு விற்றனர். கூலியை மதிப்பிழந்த ரூபாயில் கொடுத்தனர். காப்பி அழிந்து தேயிலை பரவிய காலத்தில் இவ்வேறுபாடு அவர்களுக்குப் பெருந்துணையாக இருந்தது.

1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தபின் இலங்கை அரசே தாள்நாணயம் வெளியிட்டது. 1950இல் இலங்கை மத்திய வங்கியும் தொடங்கியது. இவற்றால் நாணயம் தனித்ததாயினும் மதிப்பு தனித்ததாகவில்லை. 1949 செப்டம்பரில் பவுனின் மதிப்புக் குறைக்கப்பட்டபோது இந்தியாவும் இலங்கையும் உடன்சென்றன. இருநாட்டிலும் ஒரு டாலருக்கு ரூ. 4.76 என்றாயிற்று. உடன்செல்ல மறுத்த பாகிஸ்தானின் 100 ரூபாய்க்கு இந்திய ரூபாய் 144 என்றாகி, அவ்விகிதத்தை இந்தியா 1951 பிப்ரவரியில் ஏற்கும்வரை இருநாட்டு வணிகம் பெரிதும் முடங்கிக் கிடந்தது. ஒரே பெயருடைய இரு நாணயங்கள் சமமாகவே நிலைக்கும் என்பதற்கு உறுதி இல்லை என்பதைத் தில்லி அப்போதே கண்டிருந்தது. ஆயினும் இலங்கை ரூபாய் சமமாகவே தொடர்ந்தமையால் 1964இல் ரூ. 4,000 என்பது எக்கரையிலும் ரூ. 4,000 ஆகவே இருந்தது.

ஒப்பந்தம் நிறைவேறி இருபது திங்கள்கூட முடியவில்லை. 1966 சூன் 6 முதல் இந்திய ரூபாயின் மதிப்பு 36.5 விழுக்காடு குறைக்கப்பட்டு, டாலருக்கு ரூ. 7.50 ஆயிற்று. இலங்கை ரூ. 4.76இலேயே நின்றது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுச் சமநிலை இவ்வாறு முறிந்தது. அதிகாரபூர்வ விகிதப்படி கணக்கிட்டால், இலங்கையில் சேர்த்த ரூ. 4,000 இந்தியாவில் ஏறத்தாழ ரூ. 6,300 பெறும். திரும்புவோருக்கு இதனினும் உகந்த விகிதம் ஒப்பந்தக் காலத்தில் வேறெப்போதும் வாய்க்கவில்லை.

ஆனால் அவ்விகிதம் நிலவிய பதினேழு திங்களில் பெருந்தொகையானோர் புறப்படவில்லை. ஒப்பந்தத்தைச் செயற்படுத்தும் சட்டத்தை இலங்கை 1967இல்தான் இயற்றியது. குடியுரிமை விண்ணப்பங்கள் 1968 மே தொடங்கி 1970 ஏப்ரல் வரை பெறப்பட்டன. இந்தியக் குடியுரிமை கோரியோர் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர். இதற்கிடையே 1967 நவம்பரில் பவுனைத் தொடர்ந்து இலங்கையும் தன் ரூபாயை 20 விழுக்காடு குறைத்து டாலருக்கு ரூ. 5.95 என்றாக்கியது. அதே ரூ. 4,000 இப்போது ஏறத்தாழ ரூ. 5,040 மட்டுமே. தனுஷ்கோடித் துறை 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்துவிட்டமையால், தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்திற்குக் கப்பலேறி மண்டபம் முகாமை அடைந்த பெருந்திரளினர் கண்டது இக்குறைந்த விகிதத்தையே.

1968 முதல் இலங்கையில் அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறை வந்து, ஒரே ரூபாய்க்கு இருவேறு விலைகள் உண்டாயின. 1970களின் நடுப்பகுதியில் இருநாட்டு அதிகாரபூர்வ மதிப்புகளும் மீண்டும் நெருங்கலாயின. 1977 நவம்பரில் ஜெயவர்த்தனா அரசு இரட்டை முறையை நீக்கியபோது டாலருக்கு ரூ. 16 என்னும் அளவில் இலங்கை ரூபாய் வந்து நின்றது. இந்திய ரூபாய் அப்போது ஒன்பதுக்கும் குறைவு. கூலியும் சேமலாப நிதியும் பல்லாண்டுகளாகப் பழைய ரூபாயில் சேர்ந்தவை. அவற்றை மாற்றுங்காலம் புதிய விகிதத்திற்கு உரியதாயிற்று. ஒப்பந்தத்தின் ரூ. 4,000 என்னும் எண் மாறவில்லை. அதன் இந்திய மதிப்பு ரூ. 2,000ஐச் சற்றே கடந்ததாக இருந்தது. 1984இல் கப்பல் நின்றபோது, ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமை பெற்றும் புறப்பட முடியாதோர் பலர் தோட்டங்களிலேயே இருந்தனர்.