இணைப்புப் பலகையின் பூர்வகதை

அலுவலகக் கட்டடங்களில் கம்ப்யூட்டர் கேபிள்களெல்லாம் வந்து சேரும் சிறிய அறைக்குள், இரும்புச் சட்டத்தில் வரிசையாகப் பதித்த துவாரங்களோடும், அவற்றிலிருந்து நீலமும் மஞ்சளுமாகத் தொங்கும் குட்டை வடங்களோடும் காட்சி தரும் 'பாட்ச் பேனல்' என்னும் பலகையைக் கம்ப்யூட்டர் யுகத்தின் சிருஷ்டி என்றே பலரும் கருதுவார்கள். ஆயினும் அதன் வம்சாவளி டெலிபோனின் பால்ய காலத்திலேயே ஆரம்பமாகிவிடுகிறது.

அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரத்து ஜார்ஜ் காய் என்பவர், கிரஹாம் பெல்லின் பிரசங்கத்தைக் கேட்டு உற்சாகம் கொண்டு, 1878 ஜனவரி 28-ஆம் தேதி 21 சந்தாதாரர்களுக்காக ஒரு வர்த்தக டெலிபோன் எக்ஸ்சேஞ்சைத் திறந்தபோது, அதற்கென்று செய்த சாதனம் எதுவும் விலைக்குக் கிடைக்காமையால், வண்டிகளுக்கு முடுக்கும் ஆணிகளையும் தேநீர்க் கெண்டி மூடியின் பிடிகளையும் வைத்தே தம் ஸ்விட்ச் போர்டை நிர்மாணித்துக்கொண்டார். 21 பேரும் ஒருவரோடொருவர் நேராகப் பேசத் தனித்தனிக் கம்பி இழுப்பதானால் 210 கம்பிகள் வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொண்டுவந்து முடித்து, வேண்டியபோது வேண்டியவர்களைச் சேர்த்துவிட்டால் அந்தப் பிரயாசை இல்லை.

நாளடைவில் போர்டில் சந்தாதாரர்களுக்கென்று துவாரங்களும், அவற்றை ஜோடி சேர்க்கச் செருகி பொருத்திய வடங்களும் வந்தன. யாருடைய துவாரம் எது என்பதோ ஆபரேட்டர்களின் ஞாபகத்தில் மட்டுமே இருந்தது. 1879-இல் மாஸசூஸெட்ஸின் லோவல் நகரில் மணல்வாரி அம்மை பரவிய சமயம், ஆபரேட்டர்கள் ஒருசேரப் படுத்துவிட்டால் புதியவர்களால் வேலையை நடத்த முடியாதே என்று கவலைப்பட்ட மோஸஸ் கிரீலி பார்க்கர் என்ற வைத்தியர், பெயருக்குப் பதிலாக எண் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னார்.

கான்ஸாஸ் சிட்டியில் சவ அடக்கத் தொழில் நடத்திவந்த அல்மன் ஸ்ட்ரோஜர், தமக்கு வரவேண்டிய வாடிக்கையை ஆபரேட்டர்கள் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுவதாகச் சந்தேகித்துத் தானியங்கி ஸ்விட்சைக் கண்டுபிடித்ததாகச் சொல்வது பிரசித்தமான கதை. 1891-இல் அவர் பேடண்ட் பெற்றதற்குப் பின்னர், ஒவ்வோர் அழைப்புக்கும் வடம் செருகும் வேலை படிப்படியாக யந்திரத்தின் வசமாயிற்று. ஆனால் வீதியிலிருந்து வரும் கேபிள்கள் ஒரு பக்கமும், யந்திரத்துக்குப் போகும் கம்பிகள் மறுபக்கமுமாக முடிந்து, இடையிலே 'ஜம்பர்' கம்பிகளால் மனிதன் இணைத்துவைக்கும் விநியோகச் சட்டம் எக்ஸ்சேஞ்சிலேயே நிலைத்தது. பாட்ச் பேனலின் நேர் மூதாதை அதுவே.

1980-களில் ஒவ்வொரு கம்ப்யூட்டர் உற்பத்தியாளரும் தத்தமக்கு உகந்த கேபிளைக் கோரியதால், யந்திரத்தை மாற்றினால் சுவரையும் துளைக்க நேர்ந்த சங்கடத்துக்கு, 1991-இல் அமெரிக்காவில் வெளியான 568 என்னும் கட்டட வயரிங் விதிமுறை பரிகாரம் கூறியது. அதன்படி, அடிக்கடி வளைத்தால் முறிந்துபோகும் ஒற்றைக் கம்பித் தாமிரக் கேபிள் சுவருக்குள் 90 மீட்டர் வரை ஓடிவந்து, பலகையின் பின்புறத்திலே அசையாமல் நிலைபெறும்; அதன் நான்கு ஜோடிக் கம்பிகளையும் 'பஞ்ச் டவுன்' கருவியால் பிளவுகளில் அழுத்தும்போது, பிளவின் விளிம்பே உறையைக் கிழித்துத் தாமிரத்தைப் பற்றிக்கொள்ளும். ஜோடிகளின் முறுக்கை அதிகம் பிரித்துவிட்டால் ஒரு ஜோடியின் சமிக்ஞை மற்றொன்றில் கலந்துவிடுமாதலால், 'கேட் 5' என்னும் வகைக் கேபிளில் 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கலாகாது. இழுப்பையும் வளைப்பையும் தாங்குவது, முன்புறத்தில் பல மெல்லிழைகளால் ஆன பாட்ச் வடத்தின் பொறுப்பு.

ஆகவே, ஸ்ட்ரோஜரின் வாரிசான கம்ப்யூட்டர் நெட்வொர்க் ஸ்விட்சும், விநியோகச் சட்டத்தின் வாரிசான பலகையும் இன்று ஒரே ராக்கில் வாசம் செய்கின்றன. முன்னது சில வருஷங்களில் பழசாகி மாற்றப்படும், மின்சாரமே வேண்டாத பின்னது இருந்த இடத்திலேயே இருக்கும். எனினும் எந்தத் துவாரம் எந்த அறைக்கு உரியது என்று எண்ணிட்டு எழுதிவைக்காத பலகை, வயரிங் செய்தவர் வேலையை விட்டுப் போன மறுநாளே எவருக்கும் பயன்படாது என்பதால், லோவல் வைத்தியரின் யோசனை இந்தத் தொழிலில் இன்னும் காலாவதியாகவில்லை.