வீட்டுப்பாடம்: பிரம்பு வேண்டாம், சொல்பட்டியல் போதும்

ரஹாங்கிலும் சிரம்பான் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பல வீடுகளில் சண்டை தொடங்குவது வீட்டுப்பாடத்தில்தான். பிள்ளை படிக்கும் மொழி ஒன்று, பெற்றோர் படித்தது வேறொன்று.

தமிழ்ப்பள்ளியில் இப்போது கணிதம் தமிழில் போதிக்கப்படுகிறது. 2003-இல் தொடங்கி சில ஆண்டுகள் அது ஆங்கிலத்தில் இருந்தது. அப்போது படித்த இன்றைய இளம் பெற்றோர் பலருக்குப் ‘பின்னம்’ என்ற சொல்லே புதிது. படிவம் ஒன்றில் அதே பின்னம் ‘பெச்சாஹான்’ ஆகிவிடும், தசமம் ‘பெர்புலுஹான்’, பெருக்கல் ‘டாராப்’. கணக்கு தெரிந்த பிள்ளையும் அங்கே சொல் தெரியாமல் விழிக்கும். 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு ரத்தானதால் ஆறாம் ஆண்டில் பொதுத்தேர்வு முடிவும் வராது. தடுமாற்றத்தை வீட்டில்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்குப் பெற்றோர் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. “இன்று என்ன படித்தாய், எனக்குச் சொல்லிக் கொடு” என்று கேட்கலாம். தமிழில் சொல்லத் தெரிந்தால் பாடம் புரிந்திருக்கிறது என்று பொருள். அரைமணி நேரம் முயன்றும் வராத கேள்வியின் பக்கத்தில் ‘புரியவில்லை’ என்று எழுதி அனுப்புங்கள். அம்மா போட்ட சரியான விடையைவிட ஆசிரியருக்கு அதுதான் உதவும். பக்கத்தில் பிரம்பு இருந்தால் தெரிந்ததும் மறந்துபோகும்.

ஐந்தாம் ஆண்டிலிருந்தே ஒரு பழைய நோட்டில் தமிழ்ச்சொல்லையும் மலாய்ச்சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் பிள்ளையே எழுதி வரட்டும், நாளுக்கு இரண்டு போதும். ஷிப்ட் முடிந்து வரும் அப்பா ரொட்டி சானாயை நான்காகப் பிய்த்து, ஒரு துண்டுக்கு மலாயில் என்ன பெயர் என்று கேட்கலாம். ‘சுக்கு’ என்று பதில் வரும். கஷாயச் சுக்கு அல்ல, கால் பாகம்.