லேப் ஸ்டீல் கிடார்: பழைய பிக்கப்புகளின் ஒலி

மடியில் கிடத்தி, கம்பிகள்மேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் மின்கிடார். நம்மூரில் ஹவாயன் கிடார் என்றால்தான் தெரியும். கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப்பே இதன் குரல்வளம்.

முதலில் பெயர்பெற்றது ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் 'ஃப்ரையிங் பேன்'. 1931இல் ஜார்ஜ் போஷாம்ப் உருவாக்கினார். காப்புரிமை 1937இல்தான் கிடைத்தது. இரண்டு லாட காந்தங்கள் எதிரெதிரே வளைந்து நிற்க, ஆறு கம்பிகளும் அவற்றின் ஊடே செல்லும். செம்புக் கம்பிச்சுருள் கீழே இருக்கும். மந்தரம் கனமாகவும் தாரம் தெளிவாகவும் ஒலிக்கும். நாதம் சட்டென்று அடங்காது. மேடை விளக்கின் சூட்டில் அலுமினிய உடல் விரிந்து சுருதி கலைந்ததால், 1935இல் பேக்லைட் உடல் வந்தது.

கிப்சன் நிறுவனத்தின் ஈஎச்-150 லேப் ஸ்டீலில் நீளமான காந்தங்கள் உடலுக்குள்ளேயே மறைந்திருக்கும். கம்பிகளுக்கடியில் ஒற்றை இரும்புத் தகடு மட்டும் தெரியும். இதன் ஒலி உருண்டு திரண்டது, கொஞ்சம் இருண்டது, ஜாஸுக்கு அருமை. ஃபெண்டர் நிறுவன லேப் ஸ்டீலின் ஒலியோ பளிச்சென்று வெட்டும்.

பிக்கப் மட்டுமல்ல, உடலின் மரம், கம்பியின் தடிமன், ஆம்ப்ளிஃபையர் எல்லாமே ஒலியை மாற்றும். ஒரே ஆம்ப்ளிஃபையரில், ஒரே சுருதியில் வாசித்தால்தான் ஒப்பீடு நியாயமாகும்.

இந்தியாவில் இக்கருவி வேர்விட்ட இடம் கொல்கத்தா. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஹவாய்க் கலைஞர் டாவ் மோ அங்கே தங்கி வாசித்தார். பின்னாளில் சுனில் கங்குலி திரைப்பாடல்களை மின்கிடாரில் வாசித்து வீடுதோறும் கொண்டுசேர்த்தார்.

இதைப்போலவே வழுக்கி வாசிக்கும் கோட்டுவாத்தியத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு, இழைந்து நீளும் கமகத்தைத் தாங்குவதில் லாட காந்தப் பிக்கப்பே முதலிடம்.