வீடு பெண்ணுக்கு, பெர்மிட் யாருக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு இது. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

"நம்ம பக்கம் வீடில்லாத ஆக்கள் ஆர் இருக்கிறாங்க?" என்று பலர் கேட்பதுண்டு. கொழும்பு கோட்டையில் போலக் கடை வாசலில் படுத்துறங்குபவர்களைப் பழுகாமத்திலோ களுவாஞ்சிகுடியிலோ காத்தான்குடியிலோ காண்பது அரிதுதான். ஆனால் பாடசாலை இடாப்பைப் புரட்டினால் கதை வேறு. ஒரே முகவரியில் நான்கு பிள்ளைகள் இருப்பார்கள். கூடப்பிறந்தவர்களாக்கும் என்று பார்த்தால் பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள். மூத்தவள் குடும்பம் வீட்டுக்குள், அடுத்தவள் விறாந்தையில், கடைசியாள் வளவுக்குள் போட்ட தகரக் கொட்டிலில். நம் பக்கத்து வீடின்மை அக்காவின் வளவுக்குள் ஒளிந்திருக்கிறது.

அண்ணனின் வளவு இல்லாமல் ஏன் அக்காவின் வளவு? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் மட்டக்களப்பின் பாதி வரலாறு வந்துவிடும்.

வாவியின் இரு கரையிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், தமிழரும் முஸ்லிம்களும் பொதுவாக வைத்திருக்கும் வழக்கங்களில் பெரியது தாய்வழிக் குடிமுறை. பிள்ளை தாயின் குடியைச் சேரும். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார். தாய் தகப்பன் தாங்கள் இருந்த வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள். இரண்டாவது மகளுக்குக் கல்யாணமானால் அதுவும் போகும். கோயில் வண்ணக்கர், பள்ளிவாசல் மரைக்கார் பொறுப்புகள்கூடக் குடி பார்த்து வந்தவைதான். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல்லாண்டுகள் ஆய்வுசெய்து இதை விரிவாக எழுதியிருக்கிறார். நம்மவர்களுக்கு அது அன்றாடம் என்பதால் நாம் எழுதி வைக்கவில்லை.

ஒருகாலத்தில் இந்த வழக்கத்துக்குச் சட்டமும் இருந்தது. முக்குவர் சட்டம் என்பது அதன் பெயர். சொத்து தாய்வழியாக இறங்குவதை அது ஏற்றுக்கொண்டது. கிறிஸ்தோபர் பிரிட்டோ அதைத் தொகுத்து 1876இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில்தான் பிரித்தானிய அரசு கொண்டுவந்த திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதை வழக்கொழியச் செய்தது. சட்டம் போனாலும் நம்மவர்கள் விடவில்லை. மரணத்துக்குப் பின்னான பங்கைச் சட்டம் தீர்மானிக்குமென்றால், உயிரோடு இருக்கும்போதே வீட்டையும் வளவையும் மகளுக்குச் சீதன உறுதியாக எழுதிக் கொடுத்தார்கள். முஸ்லிம் குடும்பங்களும் அப்படித்தான். ஷரீஅத் பங்கீட்டில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. ஆனால் வாப்பா மௌத்தாகும்போது பங்கிட வீடு எதுவும் மீதியிருக்காது, எல்லாம் மகள்மாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இதன் பலன் என்னவென்றால், கணவன் இறந்தாலும் விட்டுப் போனாலும் பெண்ணுக்குத் தலைக்கு மேல் கூரை இருந்தது. இதன் கொடுமையும் தெரிந்ததுதான். மூன்று மகள் என்றால் மூன்று வீடு. அதற்காக வாப்பாவும் காக்காமாரும் முதுகொடிந்தார்கள். பிறகு உம்மாமாரும் அம்மாமாரும் வீட்டுப் பணிப்பெண்களாக வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள். சீதனத்துக்கு எதிராகப் பள்ளிவாசல்களில் குத்பா ஓதப்படுவதை நான் வரவேற்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கும் வீடு வேறு, பெண் தன் பெயரில் வைத்திருக்கும் வீடு வேறு என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

இனி அழிவுகளின் வரலாறு. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியைப் பற்றி மூத்தவர்கள் இன்றும் நேற்று நடந்ததுபோலத்தான் பேசுவார்கள். 900க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கட்டடங்கள் சேதமடைந்தன. மாவட்டத்தின் தென்னந்தோட்டங்கள் பெரும்பாலும் சரிந்தன. கிடுகு தென்னையிலிருந்து வருவது. கூரை பறந்த அதே இரவில் அடுத்த கூரைக்கான ஓலையும் போயிற்று. அதுவரை ஒரு குடும்பம் அயலவரைக் கூட்டிக் களிமண்ணும் கம்பும் கிடுகும் கொண்டு வீடு எழுப்பிவிடும், செலவு பெரும்பாலும் சாப்பாடுதான். அதற்குப் பிறகு தகரம், சீற், ஓடு, சீமெந்து என்று எல்லாவற்றுக்கும் காசு வேண்டியதாயிற்று.

அந்தக் காலத்தில்தான் அரசு பெரிய அளவில் வீடமைப்பில் இறங்கியது. 1979இல் தேசிய வீடமைப்பு அதிகார சபை உருவானது. ஒரு இலட்சம் வீட்டுத் திட்டம், 1984இலிருந்து பத்து இலட்சம் வீட்டுத் திட்டம், இரண்டையும் நடத்தியவர் ரணசிங்க பிரேமதாச. முதலாவதில் அரசே வீடு கட்டிக் கொடுத்தது. அப்படிக் கட்டினால் கட்டி முடியாது என்று கண்டு, இரண்டாவதில் சிறு கடன் கொடுத்து மக்களையே கட்டவிட்டார்கள். நாம் காலங்காலமாகச் செய்ததுதான், அரசு அதைத் தாமதமாகக் கண்டுபிடித்தது. வீடற்றோருக்காக ஓர் ஆண்டை ஒதுக்கவேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையில் கேட்டதும் இலங்கையே. அப்படி 1987 வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டானது. அந்த ஆண்டு ஜனவரியில் நம் படுவான்கரையில் நடந்தது கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவு இறால் பண்ணைப் படுகொலை. உலகம் வீடு பற்றிப் பேசிய ஆண்டில் நம்மவர்கள் வீட்டை விட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

1990இல் தமிழரும் முஸ்லிம்களும் மாறி மாறி ஓடினோம். யார் எங்கிருந்து ஓடினார்கள் என்று இங்கே கணக்குப் பார்க்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஓடியவர்கள் தண்ணீர்ப் போத்தலை மறந்தாலும் காணி உறுதியைப் பொலித்தீனில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். எடுக்காமல் போனவர்கள் திரும்பி வந்து பட்ட பாடு தனி. பின்னர் போர்க்காலத்தில் பட்டிருப்புப் பாலத்துக்கு இந்தப் பக்கம் சீமெந்து கொண்டுவருவதே பெரும்பாடு. 2007இல் மாவட்டத்தில் ஒன்றரை இலட்சம் பேர் வரை இடம்பெயர்ந்தபோது படுவான்கரை வெறிச்சோடியது. அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து திரும்பினார்கள், பலருக்குத் திரும்ப வீடு இருக்கவில்லை.

அதற்கு முன்னரே 2004 டிசம்பர் 26 வந்துபோயிருந்தது. வடக்குக் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள், தெற்கில் அது 100 மீற்றர். பிறகு தளர்த்தினார்கள். முற்றாக அழிந்த வீட்டைத் தாமே கட்டுவோருக்கு 250,000 ரூபா. உலக வங்கி உதவியுடன் போரில் அழிந்த வீடுகளுக்கு வந்த திட்டத்திலும் அதே தொகைதான். கடலோரத்தில் நிறுவனங்கள் கட்டிய வீடுகள் அதைவிடப் பெரிதாக எழும்பியபோது படுவான்கரையார் பாலத்துக்கு இப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனத்தாங்கல் நியாயமானதே.

ஆனால் நான் சொல்லவந்த சேதாரம் காசில் நடந்ததல்ல, படிவத்தில் நடந்தது. எல்லாப் படிவத்திலும் "குடும்பத் தலைவர்" என்றொரு கட்டம் இருந்தது. அதில் கணவனின் பெயர் போனது. சுனாமியில் அழிந்தது மனைவியின் சீதன வீடு. மாற்றாகக் கிடைத்தது பல இடங்களில் கணவனின் பெயரிலான வீடு. மெக்கில்வ்ரேயும் பற்றீசியா லோரன்சும் சுனாமிக்குப் பின் நம் கரையோரத்தில் ஆராய்ந்தபோது, தாய்மார் புதுவீட்டிலும் மகளின் சீதனத்தையே கனவு கண்டார்கள் என்று பதிந்திருக்கிறார்கள். எந்த அதிகாரியும் திட்டமிட்டுப் பறிக்கவில்லை. இப்படியொரு வழக்கம் இருப்பது கொழும்பில் படிவம் அச்சடித்தவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

படுவான்கரையின் பல குடியேற்றக் கிராமங்களில் சிக்கல் இன்னும் பழையது. காணி அரச காணி, கையில் இருப்பது பெர்மிட். அதற்குரியது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். பெர்மிட்காரர் பின்னுரித்தாளரை எழுதாமல் இறந்தால், அச்சட்டத்தின் வரிசையில் மகன் முன்னே, மகள் பின்னே. காணியைச் சிறுசிறு பங்காகப் பிரிக்கவும் கட்டுப்பாடு. ஆகவே தாயோடிருந்து தாயைப் பார்த்த மகள் வீட்டில் இருப்பாள், கல்யாணம் முடித்து வேறூரில் மனைவி வீட்டில் இருக்கும் அண்ணனுக்குக் காணி உரித்தாகும். 2022இல் பாராளுமன்றம் இந்தப் பாகுபாட்டை நீக்கியது. நல்ல விடயம். ஆனாலும் இப்போது வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. மூத்தவர் மகனாக இருந்தால் நமது வழக்கப்படி அவருக்கு அந்த வளவில் வேலையே இல்லை.

பெயர் இல்லாவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அடுத்தடுத்து வந்த வீட்டுத் திட்டங்களைப் பாருங்கள். இந்திய வீட்டுத் திட்டம் 2012இல் வந்தது, ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, கட்டக் கட்டக் கட்டம் கட்டமாகப் பணம். தாங்களே கட்டியதால் பெண்கள் கல் அரிந்தார்கள், மண் குழைத்தார்கள், மேசன்மாருக்குச் சமைத்தார்கள். 2015க்குப் பின் வந்த மாதிரிக் கிராமங்களில் 2019 ஆட்சி மாற்றத்தோடு பணம் நின்று, அத்திவாரத்தோடும் சுவரோடும் நிற்கும் வீடுகள் இன்றும் நம் மாவட்டத்தில் உண்டு. எல்லாத் திட்டத்திலும் முதல் கேள்வி, காணிக்கு என்ன ஆதாரம் என்பதே. அக்காவின் வளவில் கொட்டில் போட்டிருப்பவளிடம் அது இல்லை. அதனால் வீடு மிகத் தேவையானவளே பட்டியலில் பின்தள்ளப்படுகிறாள்.

கட்டி முடித்தாலும் உரித்துத் தீராவிட்டால் என்னாகும் என்பதற்கு அக்கரைப்பற்று நுரைச்சோலை இருக்கிறது. சுனாமியால் பாதிக்கப்பட்டோருக்காகச் சவூதி உதவியில் எழுந்த 500 வீடுகள் அவை. யாருக்குக் கொடுப்பது என்பது 2009இல் உயர்நீதிமன்றம் வரை போய், பத்தாண்டுகளுக்கு மேல் பற்றைக்குள் பூட்டிக் கிடந்தன.

ஊர் மட்டத்தில் செய்வதும் குறைவில்லை. கூட்டு ஸகாத் நிதியில் ஏழைகளுக்கு வீடு கட்டுகிறார்கள், கோயில் சபைகளும் வெளிநாட்டிலுள்ள ஊர்ப்பிள்ளைகளும் கூரை போட்டுக் கொடுக்கிறார்கள். அவர்களிடம் எனக்கொரு கோரிக்கை: சீமெந்துக்குக் காசு ஒதுக்கும்போது காணிப் பத்திரத்தைச் சரிசெய்யவும் ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பெர்மிட் இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். யாருடைய பெயர், பின்னுரித்தாளர் யார், அவர் உயிரோடிருக்கிறாரா? உள்ளே இருக்கும் மகளின் பெயர் எழுதப்படவில்லை என்றால், பெர்மிட்காரர் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே கிராம உத்தியோகத்தரைக் கண்டு, பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்குப் போங்கள். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் பாடசாலை விட்ட பிறகு வந்தால் நான் நிரப்பித் தருவேன். பெர்மிட், அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், இவற்றின் போட்டோப் பிரதியோடு வாருங்கள்.