பதின்மர் கூடும் இல்லம்

வழிபாடு தனித்திருந்தும் செய்யப்படுவது. பலர் கூடியும் செய்யப்படுவது. யூத சமயம் இவ்விரண்டையும் ஏற்கின்றது. எனினும், திருமறைச் சுருளை முறைப்படி ஓதுதற்கு வயது வந்த ஆடவர் பதின்மர் கூடியிருத்தல் வேண்டும் என்பது அதன் பழைய மரபு. பினாங்குத் தீவில் யூதர் தொழுகையின் வரலாறு இந்தப் பத்து என்னும் எண்ணிலேயே தங்கியிருந்தது.

ஆயர் ஈத்தாம் குன்றில் கேக் லோக் சி பௌத்தக் கோயில் உயர்ந்து நிற்கின்றது. ஜார்ஜ்டவுன் நகரில் மாரியம்மன் கோயிலும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் அருகருகே விளங்குகின்றன. அந்நகரின் நாகூர் சாலையில், 1929ஆம் ஆண்டில் யூதர்களும் ஒரு தொழுகைக்கூடம் கண்டனர். தமிழ்நாட்டு ஊரொன்றின் பெயர் தாங்கிய தெருவில் எபிரேய மறையொலி எழுந்தது! அங்குக் கூடியோர் பெரும்பாலும் பாக்தாத் வணிகர் வழிவந்தோர்.

'தோரா' என்னும் சொல்லுக்குப் போதனை என்பது பொருள். 'ரப்பி' என்பதற்கோ 'என் ஆசான்' என்பது பொருள். மறையைக் கற்று, அதன் நெறியை மக்களுக்கு விளக்குவதே ரப்பியின் தலையாய கடமை. வெள்ளிக்கிழமை கதிரவன் மறைந்தது முதல் சனிக்கிழமை இரவு வரை ஓய்வுநாள் போற்றப்படும். மறையின் ஐந்து நூல்களையும் ஓராண்டில் பகுதி பகுதியாக ஓதி முடிப்பர். முடித்த அன்றே, விழாக் கொண்டாடி, மீண்டும் முதலிலிருந்து தொடங்குவர். கல்விக்கு முடிவில்லை என்பதை இவ்விழா உணர்த்துகின்றது.

ரப்பி இல்லாமலும் தொழுகை நடைபெறும். பதின்மர் இல்லையேல் அது நிறைவுறாது. ஒன்பது ரப்பிமார் கூடினும் குறையே, பத்துச் செருப்புத் தைப்போர் கூடினால் நிறைவே என்பது யூதரிடையே வழங்கும் பழமொழி. கொச்சி யூதர்கள் ரப்பிமார் இன்றியே, சமூகப் பெரியோரின் வழிகாட்டுதலில் பல நூற்றாண்டுகள் தம் சமயத்தைக் காத்தனர். அவர்களுள் மிகப் பலர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். மட்டாஞ்சேரியில் 1568ஆம் ஆண்டில் எழுந்த தொழுகைக்கூடம் இன்றும் நிற்கின்றது, கூடுவோர்தாம் அருகினர்.

பினாங்கிலும் அதுவே நிகழ்ந்தது. 1941ஆம் ஆண்டில் ஜப்பானியப் போர் மூண்டபோது பலர் தீவை விட்டு நீங்கினர். போருக்குப் பின்னரும் இளையோர் அயல்நாடுகளுக்குச் சென்றனர். பதின்மரைக் கூட்டுவதே அரிதாயிற்று. 1976ஆம் ஆண்டில் நாகூர் சாலைத் தொழுகைக்கூடம் மூடப்பட்டது. தீவின் கடைசி யூதர் எனக் கருதப்பட்ட டேவிட் மொர்தெகாய் 2011ஆம் ஆண்டில் காலமானார். முன்னர் 'யஹூதி' என்னும் பெயர் கொண்டிருந்து, இன்று ஜாலான் சைனல் அபிடின் எனப்படும் சாலையில், நூற்றுக்கு மேற்பட்ட கல்லறைகள் மட்டும் எபிரேய எழுத்துகளைத் தாங்கி நிற்கின்றன.

அம்மறை அழியவில்லை, உலகின் பிற நகரங்களில் ஒவ்வோர் ஓய்வுநாளும் ஓதப்படுகின்றது. இத்தீவில் அதனைக் கூடி ஓதுதற்குத்தான் ஆளில்லை. ஒரு மொழிக்கும் சமயத்திற்கும் நூல்கள் மட்டும் காவலாகா. பிள்ளைகள் குறைந்துவரும் தமிழ்ப்பள்ளிகளைக் கண்டு கவலுறும் தமிழ்ச் சமுதாயம், நாகூர் சாலையின் இவ்வரலாற்றை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நன்று.