நாட்டுத் தக்காளி: சேலம், நாமக்கல் சமவெளியின் மரபு வகையும் அதன் இத்தாலிய உறவுகளும்

நாட்டுத் தக்காளி என்பது தட்டையுருண்டை வடிவமும், மெல்லிய தோலும், மிகுந்த சாறும், தூக்கலான புளிப்பும் கொண்ட தக்காளி வகைகளுக்குத் தமிழகச் சந்தைகளில் வழங்கும் பொதுப்பெயர் ஆகும். கெட்டியான தோலும் முட்டை வடிவமும் கொண்டு, பல நாள் வாடாமல் இருக்கும் வீரிய ஒட்டு ரகங்கள் பெங்களூர்த் தக்காளி என்றும், சென்னைக் கோயம்பேட்டில் நவீன் தக்காளி என்றும் இதிலிருந்து பிரித்து அழைக்கப்படுகின்றன. விதையைத் தலைமுறை தலைமுறையாக எடுத்து வைத்து விதைத்தாலும் தாயின் இயல்பு மாறாமல் வரும் பயிர் வகையை மரபு வகை என்பர். அவ்வகைகளுள் உலகப் புகழ் பெற்றவை இத்தாலியத் தக்காளிகள். சேலம், நாமக்கல் சமவெளியில் அதே இடத்தில் வைத்து எண்ணத்தக்கது நாட்டுத் தக்காளி. இரண்டையும் ஒப்பிட்டு நோக்கினால், ஒரு மண்ணின் தக்காளி அந்த மண்ணின் அடுப்புக்கு ஏற்பவே உருப்பெறுகிறது என்பது தெளிவாகும்.

வரலாறு

தக்காளியின் காட்டு மூதாதை தென் அமெரிக்காவின் பெரு, ஈக்வடார் நாடுகளில் வளர்வது. பட்டாணி அளவுக் காய்களைக் கொண்ட அச்செடி, மெக்சிகோப் பகுதியில் பெருங்காய்ப் பயிராக வளர்த்தெடுக்கப்பட்டு, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. இத்தாலிய மருத்துவரும் தாவரவியலாளருமான பியெத்ரோ ஆந்திரேயா மத்தியோலி 1544இல் இதைத் தம் நூலில் குறிப்பிட்டார். ஆயினும் கத்தரிக் குடும்பத்துச் செடிகள் பல நஞ்சுடையவை என்பதால் மக்கள் நெடுங்காலம் தயங்கினர். நேப்பிள்ஸ் நகரில் 1692இல் வெளிவரத் தொடங்கிய அந்தோனியோ லத்தீனியின் சமையல் நூலில்தான் தக்காளிச் சாந்து செய்முறை அச்சேறியது. இந்தியாவுக்குப் போர்த்துகீசியர் இதைக் கொண்டுவந்தனர் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. பரவலான சாகுபடியோ ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில்தான் ஏற்பட்டது. ஆகவே நாட்டுத் தக்காளி தொன்மையான தமிழ்ப் பயிர் அன்று. வெளியிலிருந்து வந்து, இந்த வெயிலிலும் செம்மண்ணிலும் தேறி நின்று, உழவரின் தெரிவால் இந்நிலத்துக்கு உரியதாகிவிட்ட பயிர் ஆகும். இத்தாலியத் தக்காளியும் அவ்வாறே அங்கு குடியேறியது.

இத்தாலிய மரபு வகைகள்

இத்தாலிய வகைகளுள் முதன்மையானது சான் மர்சானோ. வெசுவியஸ் எரிமலையை அடுத்த சார்னோ ஆற்றுச் சமவெளியில் விளையும் இது, நீண்டு கூர்ந்த வடிவமும், திரண்ட சதையும், குறைந்த விதையும், மட்டான புளிப்பும் உடையது. கொம்பு நட்டுக் கட்டி வளர்க்கப்பட்டு, பழுக்கப் பழுக்கப் பலமுறை கையால் பறிக்கப்படுகிறது. நச்சுயிரி நோயாலும், இயந்திர அறுவடைக்கு உகந்த ஒட்டு ரகங்களின் வருகையாலும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அருகிய இந்த வகை, தூய விதையை மீட்டெடுத்ததாலும், 1996இல் ஐரோப்பிய ஒன்றியம் அளித்த பிறப்பிடக் காப்பாலும் நிலைபெற்றது. பிறப்பிடக் காப்பு என்பது குறிப்பிட்ட எல்லைக்குள் குறிப்பிட்ட முறையில் விளைந்ததற்கு மட்டுமே அப்பெயரை வழங்கும் சட்ட ஏற்பாடு. வெசுவியஸ் சரிவில் விளைவதும், கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டுக் குளிர்காலம் வரை வைத்துக்கொள்ளப்படுவதுமான பியென்னோலோ சிறு தக்காளி 2009இல் அதே காப்பைப் பெற்றது. ஆழ்ந்த வரிப்புடைப்புகள் கொண்ட கோஸ்தொலூத்தோ, காளையின் இதயம் என்று பொருள்படும் பெயருடைய பெருங்காய் வகையான குவோரே தி புவே, வெயிலில் உலர்த்துவதற்கான பிரின்சிப்பே போர்கேசே ஆகியவையும் குறிப்பிடத்தக்கவை. இவற்றுள் தட்டை வடிவம், வரிப்புடைப்பு, சாறு, புளிப்பு ஆகிய நான்கிலும் நாட்டுத் தக்காளிக்கு நெருங்கி வருவது கோஸ்தொலூத்தோ. சான் மர்சானோவோ பயன்பாட்டில் அதற்கு நேர் எதிரானது.

தமிழக வகைகள்

தேனியை அடுத்த அன்னஞ்சி என்னும் ஊரின் பெயரால் வழங்கிய உள்ளூர் வகையிலிருந்து, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் மரபணுத் திடீர் மாற்றத்தைத் தூண்டித் தெரிவு செய்யப்பட்டதே பி.கே.எம். 1. எக்டேருக்கு 30 முதல் 35 டன் வரை விளைச்சல் தரும் இந்த ரகத்தின் விதையை உழவர் தாமே எடுத்து விதைக்கலாம் என்பதால், நாட்டுத் தக்காளி என்று இன்று விளைவிக்கப்படுவதில் இதற்குத் தனியிடம் உண்டு. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ. 3, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் பையூர் 1 ஆகியவையும் இவ்வகையில் அடங்கும். சந்தையில் நாட்டுத் தக்காளி என்ற பெயரில் தட்டையுருண்டை வடிவ ஒட்டு ரகங்களும் விற்கப்படுவதால், வடிவத்தை மட்டும் கண்டு மரபு வகை என்று முடிவு செய்ய இயலாது.

பி.கே.எம். 1 காயில் காம்பைச் சுற்றிய பகுதி கரும்பச்சையாக இருக்கும். சீராகச் சிவக்கும் பழத்தை வணிகர் விரும்பியதால், இந்தக் கரும்பச்சை தோன்றாத வகைகளையே பயிர்ப்பெருக்க வல்லுநர்கள் உலகெங்கும் நெடுங்காலம் தெரிந்தெடுத்து வந்தனர். காயின் பச்சையத்தை வளர்க்கும் ஒரு மரபணு செயலிழப்பதாலேயே அந்தச் சீரான நிறம் உண்டாகிறது என்றும், அதனால் பழத்தின் சர்க்கரை குறைகிறது என்றும் சயன்ஸ் இதழில் 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. கடையில் குறையாகத் தோன்றும் பச்சைக் காம்படி, நாக்குக்கு நிறைவு தருவது என்பது இதனால் விளங்கும்.

நிலமும் பருவமும்

நாட்டுத் தக்காளி விளையும் இடங்களுள் ஒன்றான கெங்கவல்லி, சேலம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், பச்சைமலையை அடுத்த சுவேத நதிப் பள்ளத்தாக்கில் அமைந்த வட்டத் தலைநகர். இங்கு மரவள்ளி, மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், மஞ்சள் ஆகியவற்றுக்கு இடையே கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் தக்காளி பயிராகிறது. இப்பகுதிக் காய்கறிகளுக்குச் சேலம், சென்னை நெடுஞ்சாலையில் உள்ள தலைவாசல் தினசரிச் சந்தை முதன்மையான விற்பனை இடமாகும்.

தக்காளிக்கு 21 முதல் 24 பாகை செல்சியஸ் வெப்பம் மிக ஏற்றது. பகல் வெப்பம் 35 பாகையைக் கடந்தாலும், இரவு போதிய குளிர்ச்சி இல்லாவிட்டாலும் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். 30 பாகைக்கு மேல் லைக்கோப்பீன் எனும் சிவப்பு நிறமி உருவாவது தடைபடுவதால் கோடைப் பழம் மஞ்சள் கலந்த சிவப்பாகவே நின்றுவிடும். எனவே சமவெளியில் மே, ஜூன் மாதங்களிலும் நவம்பர், டிசம்பர் மாதங்களிலும் விதைப்பது பரிந்துரைக்கப்படுகிறது. இத்தாலிய வகைகள் பல, நட்டபின் 75 முதல் 90 நாளில்தான் பழுக்கத் தொடங்கும் நெட்டை வளர்ச்சியுடையவை. ஆதலால் ஆவணி, புரட்டாசியில் நாற்றுவிட்டு, மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த இரவுகளில் காய்க்கும்படி அமைத்தால் மட்டுமே அவை இங்கு பயன் தரும். பெருங்காய் வகைகள் அப்போதும் குறைவாகவே பிடிக்கும்.

சாகுபடி முறை

எக்டேருக்கு 300 முதல் 350 கிராம் விதை போதுமானது. வெள்ளை ஈக்கள் இலைச்சுருள் நச்சுயிரியைப் பரப்புவதால், நாற்றங்காலை நைலான் வலையால் மூடிக் காத்து, 25 நாள் நாற்றைப் பிடுங்கி, 60 சென்டிமீட்டர் இடைவெளிப் பார்களில் 45 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நடுவர். நிலத்துக்குக் கடைசி உழவில் எக்டேருக்கு 25 டன் தொழுஉரம் இடப்படும். ஆட்டுக்கிடை போடும் வழக்கமும் இப்பகுதியில் உண்டு. நாட்டுத் தக்காளியை மண்ணில் படரவிடுவதே பெரும்பாலோர் வழக்கமாயினும், மழைக்காலத்தில் குச்சி நட்டுச் சணலால் தூக்கிக் கட்டினால் காய் அழுகுவது குறையும். சான் மர்சானோ போன்ற நெட்டை வகைகளுக்கோ ஆளுயரக் கொம்பும், பக்கக் கிளைகளைக் கிள்ளும் வேலையும் இன்றியமையாதவை.

காயின் அடிநுனி கறுத்துக் குழிவது, காய்க்குச் சுண்ணாம்புச் சத்து எட்டாததால் வரும் கோளாறு. நீண்ட வடிவக் காய்களில் இது மிகுதி. மண்ணில் அச்சத்து இருந்தும், காயவிட்டுப் பின் வெள்ளமாகப் பாய்ச்சினால் இது தோன்றும் என்பதால், சொட்டுநீர் வழியாகச் சீராக ஈரம் காப்பதே முதல் மருந்து. காய்ப்புழுவைத் திசைதிருப்ப வரப்போரங்களில் துலுக்கச் சாமந்தி நடுவர். 2014இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட தென் அமெரிக்க ஊசிப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறிகள் பயன்படுகின்றன. மரபு வகைகளுக்குப் புதிய ஒட்டு ரகங்களின் நோய் எதிர்ப்பு இல்லை என்பதை மறைக்கலாகாது. தொடர்ந்து ஒரே வயலில் தக்காளி, கத்தரி, மிளகாய் வைப்பதைத் தவிர்த்து, இடையில் சோளமோ மக்காச்சோளமோ விதைப்பது வாடல் நோயைக் குறைக்கும்.

விதை காத்தல்

தக்காளிப் பூவில் மகரந்தப் பைகள் ஒன்றுகூடிக் கூம்பாகிச் சூல்தண்டைப் போர்த்தியிருப்பதால் தன்மகரந்தச் சேர்க்கையே பெரிதும் நிகழ்கிறது. இதனால் மற்றக் காய்கறிகளைவிடத் தக்காளியில் விதை காப்பது எளிது. சான்று விதைக்கு 25 மீட்டரும், அதற்கு மூலமான ஆதார விதைக்கு 50 மீட்டரும் வேறு ரகங்களிலிருந்து விலக்கம் விட வேண்டும் என்பது இந்தியத் தர நெறி. இலைச்சுருளும் தேமலும் இல்லாத செடிகளைக் காய்க்கும் முன்பே அடையாளமிட்டு, நன்கு கனிந்த பழங்களின் கூழை ஒன்றிரண்டு நாள் புளிக்கவைத்து, முளைப்பைத் தடுக்கும் வழுவழுப்புறை கரைந்தபின் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். ஈரப்பதம் 8 விழுக்காட்டுக்கு மிகாத விதை, காற்றுப்புகாக் கலத்தில் சில ஆண்டுகள் முளைப்புத் திறனோடு இருக்கும். வீரிய ஒட்டு ரகத்தின் விதையை இவ்வாறு எடுத்தால், அடுத்த தலைமுறைச் செடிகள் பலவிதமாகப் பிரிந்துவிடும். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும், வணிகப் பெயரிடாமல் விற்கவும் உழவருக்கு உரிமை அளிக்கிறது.

சமையல்

தக்காளியின் சுவையைத் தீர்மானிப்பவை சர்க்கரை, புளிப்பு, மணப்பொருள்கள், குளூட்டமிக் அமிலம் ஆகியவை. விதையைச் சூழ்ந்த கூழில் சதையைவிடக் குளூட்டமிக் அமிலம் மிகுதி. விதையறைகள் பலவாகவும் கூழ் நிறைந்தும் உள்ள நாட்டுத் தக்காளி ரசத்துக்கு ஏற்றதாக இருப்பதன் காரணம் இதுவே: பழத்தைக் கையால் பிசைந்து, சிறிதளவு புளியோடு கரைத்து, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டு, நுரை கட்டி எழும்போதே இறக்கினால் மணம் ஆவியாகிப் போவதில்லை. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் தக்காளி, சின்ன வெங்காயம், மிளகாய் ஆகியவற்றை மண்சட்டியில் வேகவைத்து மத்தால் கடையும் தக்காளிக் கடையல், களிக்கும் கம்மஞ்சோற்றுக்கும் தொடுகறியாகிறது. பருப்போடு சமைக்கும்போது, புளிப்பு பருப்பை வேகவிடாமல் இறுக்கும் என்பதால், பருப்பு மலர்ந்த பின்னரே தக்காளி சேர்க்க வேண்டும்.

தொக்குக்கு நீர் வற்ற வேண்டியிருப்பதால் நாட்டுத் தக்காளியில் நேரமும் விறகும் கூடுதலாகச் செலவாகும். நல்லெண்ணெயில் எண்ணெய் பிரியும்வரை வதக்கும் இந்த முறையில் லைக்கோப்பீன் எண்ணெயில் கரைந்து, உடல் ஏற்கும் நிலைக்கு வருகிறது. இவ்விடத்தில் சான் மர்சானோ சிறந்தது: நீர் குறைந்த அதன் சதை விரைவில் கெட்டிப்படும். அதைக் கொண்டு ரசம் வைத்தால் சாறு மந்தமாகும்; நாட்டுத் தக்காளியைக் கொண்டு இத்தாலியக் கெட்டிச் சாந்து செய்தால் புளிப்பு மேலோங்கும். விலை சரிந்து பழம் மிஞ்சும் காலத்தில், சிசிலித் தீவில் சாந்தைப் பலகையில் பரப்பி வெயிலில் இறுக்குவது போலவே, இங்கும் பழத்தை அரிந்து உப்பிட்டு வற்றலாக்கலாம். பழுத்த தக்காளியைக் குளிர்பெட்டியில் வைத்தால் மணப்பொருள்கள் குன்றும். கூடையில் பரப்பி வைப்பதே நல்லது.

நிலையும் தேவையும்

மெல்லிய தோலால் நெடுந்தொலைவு வண்டிப் பயணம் தாங்காத நாட்டு வகைகள் பல, தக்காளி மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்கானபின் பின்னடைந்தன. இத்தாலியில் எல்லை வரையறுத்த சட்டமும், வகையின் பெயரைக் கேட்டு வாங்கும் பழக்கமும் சேர்ந்து சான் மர்சானோவைக் காத்தன. சேலம், நாமக்கல் சமவெளியின் தக்காளிக்கு அத்தகைய காப்பு இல்லை. உழவர் சந்தையும், அருகிலுள்ள வீடுகளின் ரசமும் கடையலும்தான் அதற்கு இருக்கும் காப்பு. கெங்கவல்லித் தோட்டங்களில் நாட்டு விதை நீடிக்க வேண்டுமானால், வாங்குவோர் நாட்டுத் தக்காளியைக் கேட்டு வாங்க வேண்டும். விளைவிப்போர் ஆண்டுதோறும் நல்ல செடிகளின் விதையை ஒதுக்கி வைக்க வேண்டும்.