தேய்ந்துபோன காசு எந்த ஊர்க் காசு?

"ரோமானிய நாணயம் எங்கே அச்சடிக்கப்பட்டது?" என்று கேட்டுப் பாருங்க. மாணவர்கள் யோசிக்காமல் "ரோம்" என்று எழுதிவிடுவார்கள். பாதி நேரம் அது தப்பு. ரோமப் பேரரசின் கிழக்குப் பகுதியில் நூற்றுக்கணக்கான நகரங்கள் தத்தம் பெயரில் வெண்கலக் காசு வெளியிட்டன. இவற்றை மாகாண நாணயம் என்கிறோம். ஒரு பக்கம் பேரரசர் தலை, மறுபக்கம் ஊர்த் தெய்வமோ கோயிலோ இருக்கும். எழுத்து பெரும்பாலும் கிரேக்கம்.

காசு நல்ல நிலையில் இருந்தால் சிக்கல் இல்லை. 'எபேசியருடையது' என்பதுபோல ஊர்மக்களின் பெயர் நம்ம ஆறாம் வேற்றுமைப் பொருளில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் தேய்மானத்தில் முதலில் போவது விளிம்பெழுத்துதான். அப்புறம் படத்தைத்தான் நம்பணும். மலை உருவம் தெரிந்தால் கப்படோக்கியாவின் செசரியாவாக இருக்கலாம். அது ஆர்கேயுஸ் மலை. ஊதாச் சாயம் எடுக்கும் முள்சங்கு என்றால் தீரு நகரம் நினைவுக்கு வரணும். கிரேக்க எண்ணெழுத்துக்கு முன்னால் 'எல்' போன்ற ஒரு குறி இருந்தால் அது ஆட்சியாண்டு. அதோடு காசு தடிப்பாகவும் இருந்தால் அலெக்சாந்திரியா என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். அந்த ஊர் பொதுவாகத் தன் பெயரைக் காசில் போடவில்லை.

பெயர் தெரிந்தாலும் வேலை முடிந்துவிடாது. அந்தியோகியா என்ற பெயரில் பல ஊர்கள் இருந்தன. "கம்போங் பாரு" என்று மட்டும் சொன்னால் எந்தக் கம்போங் பாரு என்று கேட்போம் இல்லையா, அதே கதைதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அதற்கு நம் பினாங்குக் காசே நல்ல உதாரணம். 1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கையகப்படுத்திய பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே புழங்கக் காசு வெளியிட்டது. ஒரு பக்கம் கம்பெனியின் வணிக முத்திரை, மறுபக்கம் அரபு எழுத்தில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு' என்ற பெயர். படித்தவர் யாரும் "பினாங்கில் அடித்தது" என்றுதான் சொல்வார். ஆனால் 1788ஆம் ஆண்டு பொறித்த வெள்ளிக் காசுகள் கல்கத்தா அக்கசாலையில் அடிக்கப்பட்டுக் கப்பலில் வந்தவை. (அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். சென்னைக்காரர்கள் 'தங்கசாலை' என்பார்கள்.)

ரோம மாகாணக் காசுகளிலும் இதே நிலைதான். சின்ன ஆசியாவில் ஒரே தலையச்சு வெவ்வேறு நகரங்களின் காசுகளில் பயன்பட்டிருப்பதை 1972இல் கொன்ராட் கிராஃப்ட் விரிவாகக் காட்டினார். பல ஊர்களுக்கு ஒரே பட்டறை வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். சிரியாவில் புழங்கிய சில வெண்கலக் காசுகள் ரோமிலேயே அடித்து அனுப்பப்பட்டவை என்பதும் தெரியவந்தது. எப்படி? உலோகக் கலவையை ஆராய்ந்தார்கள். அச்சின் திசையையும் பார்த்தார்கள். தலையை நிமிர்த்திப் பிடித்து, காசைப் பக்கவாட்டில் திருப்புங்க. மறுபக்கம் நேராக நிற்கிறதா, தலைகீழாகவா? முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோமில் பெரும்பாலும் தலைகீழ், அந்தியோகியாவில் பெரும்பாலும் நேர். எழுத்து முழுக்க அழிந்தாலும் இந்தத் தடயம் அழியாது. எனக்கு மிகவும் பிடித்த தடயம் இதுதான்.

தமிழகத்துக்கு வருவோம், தேர்வுக்கு வேண்டியது இங்கேதான் இருக்கிறது. கொங்குப் பகுதியில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை மிகுதி. அவற்றில் இரண்டு வகைகள் திரும்பத் திரும்ப வருகின்றன: கேயுஸ், லூசியுஸ் என்ற இளவரசர் இருவர் நிற்பது ஒன்று, திபேரியஸ் காசில் பெண் அமர்ந்திருப்பது மற்றொன்று. இரண்டிலும் ஊர்ப்பெயர் கிடையாது. ஆனாலும் இவை லுக்துனும், அதாவது இன்றைய பிரான்சின் லியோன் நகரில் அடிக்கப்பட்டவை என்கிறார்கள். அங்கே பொன், வெள்ளிக் காசு அடித்ததை ஸ்டிராபோவே குறிப்பிடுகிறார். அதற்காக "லியோன் வணிகர் கொங்குநாட்டுக்கு வந்தனர்" என்று எழுதிவிடாதீர்கள். காசு பல கைமாறி, எகிப்து, செங்கடல் வழியாக வந்திருக்கிறது. அக்கசாலை ஓர் ஊர், வணிகன் வேறோர் ஊர்.

நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் செப்புக் காசுகள் கரூர் அமராவதி ஆற்றுமணலிலும் மதுரையிலும் நிறையக் கிடைத்தன. இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் இவற்றைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். இவற்றின் பின்பக்க அடியில், கோட்டுக்குக் கீழே, அக்கசாலைக் குறி இருக்கும். 'ஏ-எல்-ஈ' என்றால் அலெக்சாந்திரியா, 'ஏ-என்-டி' என்றால் அந்தியோகியா. ஆனால் இலங்கையில் கிடைத்த இத்தகைய காசுகளில் கணிசமானவை உள்ளூரிலேயே செய்த போலிகள். அவற்றில் எழுத்து எழுத்தாகவே இருக்காது, வெறும் கோடும் புள்ளியும்தான். அதில் குறி தேடிப் பயனில்லை.

ஆகவே விடைத்தாளில் வெளியிட்ட நகரம், அடித்த இடம், கண்டெடுத்த இடம் மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்க. 'அந்தியோகியாவாக இருக்கலாம், எழுத்து தெளிவில்லை' என்று காரணத்தோடு எழுதும் மாணவருக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

வகுப்பில் பழைய சென் காசு ஒன்றின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத எழுத்து சில நேரம் தாளில் விழும். கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தாலும் தெரியும். யாராவது உண்மையான பழங்காசு கொண்டுவந்தால் மட்டும் புளி போட்டுத் துலக்க விடாதீர்கள். அரித்துப்போன செப்பில், மேலே படிந்த பச்சைக் களிம்பில்தான் மிச்ச எழுத்து இருக்கும்.